பால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்த அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் பலருக்கு அவர் என்ன வேலை பார்த்தார் என்பது சரியாகத் தெரியாது. "ஆபீஸ்ல கணக்கு பாக்குது" என்ற அளவில் கேள்விப்பட்டிருப்பார்கள். எனவே தம்பியாகிய நான் அதைப் பற்றியே கூடுதலாக எழுதுகிறேன்.

கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் பயிரிடும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். தினமும் பஸ்ஸில் திருவண்ணாமலைக்குப் போய் வணிகவியல் படித்தார். பிறகு செலவுக் கணக்கியல் தேர்வுகள் எழுதினார். அம்மா காலமான ஆண்டு ஒரு தேர்வுக்கும் போகவில்லை. அடுத்த ஆண்டு அத்தனையையும் சேர்த்து எழுதித் தேறினார்.

செலவுக் கணக்கியல் என்பது வரி கட்டுவதற்கான கணக்கு அல்ல. ஒரு பொருளைச் செய்ய எந்த இடத்தில் என்ன செலவாகிறது என்று பார்த்து, தொழிலை நடத்துபவர் முடிவெடுக்க உதவும் வேலை. எந்தத் தொழிலுக்கும் இது தேவைப்படும் என்பதால், எந்தத் தொழிலுக்குப் போவது என்பதுதான் கேள்வி.

மூன்று இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று சென்னையில் கட்டுமான நிறுவனம். இன்னொன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை. மூன்றாவது திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு தனியார் பால் நிறுவனம். சம்பளம் அங்கேதான் குறைவு. அக்கா மூன்று இடங்களிலும் அனுமதி கேட்டு ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்தார். செலவு தவறாகப் போனால் எவ்வளவு காலத்தில் தெரியவரும் என்று எல்லோரிடமும் விசாரித்தார். கட்டுமானத்தில் கட்டடம் முடியும்போது என்றார்கள். தொழிற்சாலையில் காலாண்டு முடிவில். பால் நிறுவன மேலாளர் சிரித்துவிட்டு, "காலைல தப்பு பண்ணா சாயந்திரமே பால் திரிஞ்சி போயிடும்மா" என்றாராம்.

வீட்டுக்கு வந்து பால் நிறுவனத்துக்கே போவதாக அறிவித்தார்.

"மாட்டுக்குக் கணக்கு எழுதவா இவ்ளோ படிச்ச?" என்றார் அப்பா.

"நான் புதுசுப்பா. தப்பு பண்ணத்தான் செய்வேன். அது சீக்கிரம் தெரியற எடத்துலதான் கத்துக்க முடியும்."

அப்பா அதற்குப் பிறகு வாதாடவில்லை. ஆனால் உறவினர் யார் கேட்டாலும் மகளுக்குத் திருவண்ணாமலையில் ஆபீஸ் வேலை என்பார். பால் என்ற சொல் அவர் வாயில் வராது. அக்காவுக்கு அது தெரியும். அது ஒன்றுதான் அவருக்கு உறுத்தலாக இருந்தது.

சேர்ந்த சில மாதங்களில் தவறும் நடந்தது. ஒரு வாரத்துப் பதிவேட்டை எடுத்துப் பார்த்து, கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலைக்குப் பால் எடுக்கப் போகும் வண்டி பாதிக் கேனோடு திரும்புகிறது, நிறுத்தலாம் என்று எழுதினார். வண்டி நின்றது. நான்காம் நாள் அந்த ஊரில் பால் ஊற்றும் பெண்கள் நிறுவன வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் கேட்டது அக்காவுக்குக் கடைசி வரை மறக்கவில்லை: "கிரிவலத்துக்கு நீங்களும்தான வர்றீங்க மேடம்? அன்னிக்கு வழி பூரா டீ யாரு பால்ல போடறாங்கனு நெனச்சீங்க?"

அக்கா எடுத்தது பௌர்ணமி வாரத்துப் பதிவேடு. அந்த நாள்களில் மட்டும் அவர்களுடைய பால் கிரிவலப் பாதைக் கடைகளுக்குப் போய்விடும். மாதந்தோறும் மலையைச் சுற்றி வந்து அதே கடைகளில் டீ குடித்தவர் அவர். அந்தப் பெண்கள் எதிரிலேயே மேலாளரிடம் தவறு தன்னுடையது என்றார். மறுநாள் காலையில் வண்டி போனது. முதல் நடையில் அக்காவும் ஏறிக்கொண்டார். அதன் பிறகு, ஒரு முழு மாதத்தைப் பார்க்காமலும் வண்டியில் ஒரு முறை போகாமலும் அவர் எந்த அறிக்கையும் எழுதியதில்லை.

அங்கேயே படிப்படியாக உயர்ந்து செலவுக் கணக்குப் பிரிவின் மேலாளரானார். சென்னையிலிருந்து வந்த அழைப்புகளை மறுத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. உறவினர் விசேஷங்களுக்குத் தாமதமாகத்தான் வருவார், சாப்பாட்டில் குறை சொல்வார், பாயசத்தை மட்டும் இரண்டு முறை கேட்பார். இரவுச் சாப்பாட்டின்போது அன்றைய வேலையை என்னிடம் விவரிப்பார். அப்பா டிவியைப் பார்த்தபடி இருப்பார்.

நோய் கண்ட பிறகு நான்கு மாதங்கள் இருந்தார். மருத்துவமனையில் ஒரு பிற்பகல், ஊசி போட வந்த செவிலியர், பொண்ணு என்ன வேலை பார்க்கிறாங்க என்று அப்பாவிடம் கேட்டார்.

"பால் கம்பெனில மேனேஜருங்க" என்றார் அப்பா. "ஒரு லிட்டர் பாலு மாட்டுலேர்ந்து பாக்கெட்டுக்கு வர்றதுக்குள்ள எங்கெங்க செலவாவுதுனு இவதான் சொல்லணும். இவ சொல்லலனா எந்த ஊருக்கு வண்டி போவணும்னே அவங்களுக்குத் தெரியாது."

அக்கா கண்ணைத் திறக்காமலே, "கொஞ்சம் ஜாஸ்தியா சொல்றீங்கப்பா" என்றார்.

"நீ கம்முனு படு" என்று அதட்டிவிட்டு, அப்பா பாலைக் குளிரூட்டும் செலவை விவரிக்கத் தொடங்கினார். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கும், ரத்தம் கொடுத்த நிறுவன ஊழியர்களுக்கும், காலைப் பாலை ஊற்றிய கையோடு அஞ்சலி செலுத்த வந்த பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தச் செவிலியருக்குத் தனியாக ஒரு நன்றி. வேலை நிறைய இருந்தும், அப்பா சொல்லி முடிக்கும் வரை அவர் நின்று கேட்டார்.