ஓபல் வீட்டுத் தோட்டா

ஓபலைப் பற்றி எங்கள் ஆற்றங்கரையில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மீன் ஆலையில் சமையல் வேலைக்காக அலாஸ்காவுக்கு வந்தவள் அவள். பொறி வைத்து வேட்டையாடும் ஆர்விலைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு அடுத்த மரவீட்டில் குடியேறினாள். புளித்த மாவில் அவள் ரொட்டி சுட்டால் வாசனை எங்கள் அடுப்படிவரை வரும். என் கணவன் எல்டன் தட்டில் இருக்கும் என் ரொட்டியை மறந்துவிட்டு மூக்கை ஜன்னல் பக்கம் திருப்புவான். பனிக்கட்டி உடைந்து ஆர்வில் ஆற்றோடு போன பிறகு ஊருக்குத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, வேண்டிக்கொண்டேன். அவள் போகவில்லை. தானே பொறி வைத்தாள், தானே தோல் உரித்தாள், முன்னைப் போலவே வாய்விட்டுச் சிரித்தாள்.

எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வகைத் தோட்டா போடும் துப்பாக்கிகளைத்தான் வைத்துக்கொள்வார்கள். அவன் இடுப்பில் ரிவால்வர், அவள் தோளில் குட்டை ரைஃபிள். படகு கவிழ்ந்து, காட்டில் நடந்தே ஊர் சேர வேண்டி வந்தால், ஒருவரிடம் தீர்ந்ததை மற்றவரிடம் எடுத்துக்கொள்ளலாம். மோதிரம் தொலைந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தோட்டா வேறு வேறாக இருந்தால் ஊரே கேலி பேசும். எனக்கும் எல்டனுக்கும் வேறு வேறுதான். என்னுடையது அப்பா கொடுத்த ரைஃபிள்.

ஓபலிடம் ஆர்விலின் ரிவால்வரும் அவளுடைய குட்டை ரைஃபிளும் ஜோடியாக இருந்தன. அந்த ரிவால்வரை எல்டன் வாங்கிக்கொண்டான். விலையாக ஒரு குளிர்காலம் முழுக்க அவளுக்கு விறகு பிளந்தான். எங்கள் வீட்டு விறகை நான் பிளந்தேன்.

அடுத்த முறை கடைக்குப் போய் எல்டன் தோட்டா கேட்டபோது கடைக்காரன் கஸ் இளித்தான்.

"இப்பத்தான் ஓபல் ஒரு பெட்டி வாங்கிட்டுப் போனா. உனக்குத் தனியா எதுக்குப்பா? அங்கயே போய் எடுத்துக்கோ!"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

"துப்பாக்கி பிடிச்சு வாங்கினியா, வித்தவளைப் பிடிச்சு வாங்கினியா?" என்று வீடு திரும்பும் வழியில் எல்டனைக் கேட்டேன்.

"ஆரம்பிச்சுட்டியா? நல்ல ரிவால்வர் மார்ஜ், அவ்வளவுதான்."

அந்த இலையுதிர் காலத்தில் மூஸ் மான் வேட்டைக்கு மூன்று பேரும் ஒரே படகில் போனோம். எரிபொருள் மிச்சம் என்றான் எல்டன். மான் கிடைத்தது. திரும்பும்போது மிதந்து வந்த மரம் ஒன்று படகின் அடியைக் கிழித்தது. படகோடு கறி போனது, எல்டனின் பெரிய ரைஃபிள் போனது, என் தோட்டாப் பையும் போனது. தொப்பலாக நனைந்து கரையேறினோம். மலைமேல் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அடுத்த படகு வசந்தத்தில்தான். நடந்தே ஆக வேண்டும், அதுவும் கரடித் தடத்தில்.

தீ மூட்டி, மிஞ்சியதையெல்லாம் தார்ப்பாயில் பரப்பினோம். மூன்று துப்பாக்கிகள். ஓபல் என் ரைஃபிளைத் திறந்து பார்த்தாள்.

"உள்ள இருக்கறதுதானா? வேற இல்லையா?"

"ஆத்துல இருக்கு, போய் எடுத்துக்கோ."

எல்டன் தொண்டையைச் செருமினான். "இத பாரும்மா. போர்வையும் தார்ப்பாயும் தூக்கணும். மாத்துத் தோட்டா இல்லாத இரும்பைச் சுமந்து என்ன பண்றது? ரிவால்வரும் குட்டை ரைஃபிளும் போதும். ரெண்டுக்கும் ஒரே தோட்டா."

"ஆமாமா, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே தோட்டா. அதான் ஊருக்கே தெரியுமே!"

நான் விடவில்லை. "எங்கப்பா துப்பாக்கி இல்லாம நான் ஒரு அடி நகரமாட்டேன். நீங்க ஜோடியா போய்ச் சேருங்க."

தீ சடசடத்தது. ஓபல் எழுந்து வந்து தன் ரைஃபிளை என் மடியில் வைத்தாள். தோட்டாப் பையையும் கழற்றி வைத்தாள்.

"இந்தா, நீ எடுத்துக்கோ. உன் புருஷனுக்கு ஜோடி நீ. நான் மூட்டையைத் தூக்கிக்கறேன்."

"அப்ப உனக்கு?"

"எனக்கு ஜோடி ஆத்தோட போயாச்சு மார்ஜ்."

எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வாங்கிக்கொண்டேன். அப்பாவின் ரைஃபிளை மரக்கிளையில் உயரமாகக் கட்டிவிட்டு, அவள் ரைஃபிளைத் தோளில் மாட்டியபோது ஜெயித்துவிட்ட மாதிரியே இருந்தது.

எல்டன் முன்னால், நான் நடுவில், மூட்டையோடு ஓபல் கடைசியில். ஒவ்வொரு திருப்பத்திலும் எல்டன் நின்று திரும்பிப் பார்த்தான். முதலில் எனக்கு மனசு குளிர்ந்துபோனது. பிறகுதான் கவனித்தேன், அவன் கண் என் தலைக்கு மேலே போனது.

"யாரைப் பார்க்கற?"

"அவ கையில ஒண்ணும் இல்லையேன்னு பார்த்தேன். கரடி பின்னாலதான் வரும்."

துப்பாக்கியை வாங்கியும் தோற்றுவிட்டேன். விறுவிறுவென்று ஓபலைப் பிடித்து நடுவில் தள்ளினேன். "நீ முன்னால போ. துப்பாக்கி வச்சிருக்கறவதான் கடைசியில வரணும்." இனி அவன் திரும்பினால் என்னைத்தான் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு ஊர் வந்து சேரும்வரை எல்டன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.