மழைச்சோறும் கூப்பிட ஓர் ஆளும்

மழை பெய்கிறதா, பெய்யாவிட்டால் என்ன செய்கிறீர்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்பதுதான் என் வேலை என்றபோது அப்பா சிரித்துவிட்டார். “எட்டிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது. அதுக்கு எதுக்குல சம்பளத்துக்கு ஆளு?” என்றார். தெற்கே கரிசல் காட்டில் வானத்தை எட்டிப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். கேலி செய்ய அவருக்கு உரிமை உண்டு.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். விதைத்தது முளைக்காமல் போகவே என்னை ஓசூருக்குப் பஸ் ஏற்றிவிட்டவரும் அவர்தான். கம்பெனி வேலை என்று வந்தவனுக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. அந்தச் சமயத்தில், சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் ஆய்வுக் குழு ஜீப்பில் கூடவே வந்து கேள்வி கேட்க ஆள் தேடியது. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் மழையின் போக்கு மாறுகிறதா, மாறினால் குடியானவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது அவர்கள் ஆய்வு. பருவநிலை மாற்றம் என்ற சொல்லையே அங்கேதான் முதலில் கேட்டேன். மழைக்குத் தெலுங்கில் வான, கன்னடத்தில் மளெ என்று சீக்கிரமே கற்றுக்கொண்டேன். எந்த மொழியில் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவதுதான் பதில்.

எங்கள் கேள்விகள்மேல் எனக்கே எரிச்சல். ‘மழை தவறினால் தாங்கள் மேற்கொள்ளும் மாற்று நடவடிக்கைகள் யாவை?’ மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பவரிடம் போய் இப்படிக் கேட்டால் யார் வாயைத் திறப்பார்கள்? ஒரு சின்ன ஊரில் ஓர் அக்கா மட்டும் சட்டென்று பதில் சொன்னார்.

“ஆடிக்குள்ள பேஞ்சா ராகி. அது தப்பிப்போச்சுன்னா பொரட்டாசில கொள்ளு. கொள்ளும் போச்சுன்னா மூக்கண்டப்பள்ளி.”

மூக்கண்டப்பள்ளி எப்படிப் பயிர்க் கணக்கில் வந்தது என்று விழித்தேன். அக்காவே விளக்கினார். அவர் கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். கம்பெனிகளை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வரும்போதெல்லாம் நீயும் வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு மனம் இல்லை. கொஞ்சம் மானாவாரி நிலமும் ஒரு ஜோடி மாடும் அவர் பொறுப்பில் இருந்தன. “ஒத்த ரூமுல ஒக்காந்துகிட்டு நான் ஆருகூட சண்ட போடறது?” என்றார். போன வருடம் கொள்ளும் காய்ந்துவிட்டதால் இருவருக்கும் ஒரு பேச்சு. இந்த ஆடிக்குள் மழை வந்தால் அக்கா இருப்பார். வராவிட்டால் மாடு குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு, அக்கா மூக்கண்டப்பள்ளிக்கு.

ஆடி பாதிக்குமேல் போய்விட்டது. காற்றுதான் அடித்தது. ஊர்ப் பெண்கள் மழைச்சோறு எடுப்பதென்று முடிவு செய்தார்கள். வீடு வீடாகப் போய் உப்பில்லாத களியும் கூழும் சோறும் ஒரே சட்டியில் வாங்கி, ஊருக்கு வெளியே பகிர்ந்து சாப்பிட்டு, ஒப்பாரி வைப்பார்கள். பிறகு பாய், முறம், ஓட்டைப் பானை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு, இந்த ஊரில் இனிப் பிழைக்க முடியாது என்று கிளம்பிவிடுவார்கள். எல்லைக்கல்லைத் தாண்டுவதற்குள் ஆண்கள் ஓடி வந்து மறித்து, மழை வரும், போகாதீர்கள் என்று கெஞ்சி அழைத்துப் போக வேண்டும். யாரும் கூப்பிடாமல் அவர்களாகத் திரும்பக் கூடாது.

நல்ல நாள் பார்த்தவர்கள் ஷிப்ட்டைப் பார்க்க மறந்துவிட்டார்கள். ஆண்களை அள்ளிக்கொண்டு கம்பெனி பஸ் காலையிலேயே போய்விட்டது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு குறட்டை விட்டார்கள். நாங்கள் ஜீப்பை ஓரமாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிலும் கலந்துகொள்ளக் கூடாது, பார்ப்பதோடு சரி என்று ஆய்வுத் தலைவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

பெண்கள் அழுதுகொண்டே நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் நடை மெதுவானது. திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எல்லைக்கல்லுக்கு முன்னால் நின்றேவிட்டார்கள். முதலில் எல்லோருக்கும் சிரிப்புத்தான். ஒருத்தி தெலுங்கில் தன் புருஷனைத் திட்டினாள். சிரிப்பு அடங்கியதும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்கா பாயோ பானையோ எடுத்து வந்திருக்கவில்லை. மாட்டுக் கயிறு ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

திட்டிய பெண்தான் ஜீப்பைப் பார்த்தாள். “ஏன் தம்பி, நீயும் ஆம்பளதான? வந்து கூப்பிடு.”

தலைவரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர்.

நான் ஊரை விட்டுக் கிளம்பியபோது போகாதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நின்றிருக்க மாட்டேன். ஆனாலும் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம். ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். “மழை வரும் அக்கா. போகாதீய, திரும்பி வாங்க” என்றேன். என் தெக்கத்திப் பேச்சைக் கேட்டு மறுபடியும் சிரிப்பு கிளம்பியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“நெசமாவே வருமா?”

அப்படிக் கேட்பது சடங்கில் இல்லை. “வரும்” என்றேன்.

“மழையப் பத்திப் படிக்கற ஆளே சொல்லுது. வாங்க போலாம்” என்று முதலில் திரும்பியவர் அவர்தான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, ஆடி முடிவதற்குள் மழை பெய்தது. ஏரியை நிறைக்கவில்லை, ஏர் பூட்டப் போதுமானதாக இருந்தது. அக்கா ராகி விதைத்தார். மாடு சந்தைக்குப் போகவில்லை. அடுத்த முறை நாங்கள் போனபோது என் தட்டில் மட்டும் களி உருண்டை பெரிதாக விழுந்தது. தலைவர் என்னை வருண பகவான் என்று கிண்டல் செய்தார். கூச்சமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

ஆய்வு முடிந்து ஜீப் சென்னைக்குத் திரும்பியது. எனக்கு ஒருவழியாகக் கம்பெனி வேலை கிடைத்து, மூக்கண்டப்பள்ளியில் லைன் வீடு ஒன்றில் குடியேறினேன். மறு வருடம் ஆவணியில் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது, தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு நின்ற வரிசையில் அந்த அக்காவைப் பார்த்தேன். பார்த்ததும் சந்தோஷம். அவர் ஏன் இங்கே நிற்கிறார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

“மாடு?” என்றேன்.

“குந்தாரப்பள்ளி” என்றார். “நல்ல ஆளுதான் புடிச்சிகிட்டுப் போனாரு.”

“இந்த வருசம் மழைச்சோறு எடுக்கலையா?”

“எடுக்காம இருப்பமா? இந்த வாட்டி ஷிப்ட்டெல்லாம் கேட்டு, ஞாயித்துக்கெழமையா பாத்துத்தான் வெச்சோம். ஆம்பளைங்க அத்தன பேரும் வந்துட்டாங்க. அவங்கவங்க வூட்டுக்காரிய கெஞ்சிக் கூட்டிகிட்டுப் போனாங்க.” குடத்தை ஓர் அடி முன்னால் நகர்த்தி வைத்தார். “இவரும் வந்தாரு. மழ வரும், போவாதேன்னு சொல்லுவாருன்னு கல்லுகிட்டயே நின்னேன். ‘வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு’ன்னாரு.”

என் முகத்தைப் பார்த்து அக்காவே சிரித்தார்.

“அவரு மேல தப்பில்ல தம்பி. மானத்த நானுந்தான் அண்ணாந்து பாத்தேன். ஒன்ன மாதிரி வாய் கூசாம வரும்னு சொல்ல அவருக்கு வரல.”