தமயந்தி தள்ளிப்போட்ட செக்மேட்

ஹெப்பகோடி ஃபேக்டரி கேன்டீனில் தமயந்தியோடு செஸ் ஆட உட்கார்ந்தவர்களுக்கு முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் புரியாது. எடுத்த எடுப்பிலேயே ஒரு சிப்பாயை நீட்டுவாள். வெட்டினால் இன்னொன்றை நீட்டுவாள். டேனிஷ் கேம்பிட் என்று அந்த ஆட்டத்துக்குப் பெயர். இரண்டு சிப்பாய் நஷ்டம்தான். ஆனால் வழி திறந்து, இரண்டு பிஷப்பும் எதிரி ராஜாவைக் குறிபார்த்து நிற்கும். அதற்கப்புறம் வெட்டியவர் பாடு திண்டாட்டம்.

ஸ்டோர்ஸ் டெஸ்மண்ட் சார்தான் தினமும் திண்டாடுகிறவர். காக்ஸ் டவுன்காரர், மனைவியை இழந்தவர், ஐம்பது தாண்டியவர். தமயந்திக்கு முப்பத்தொன்பது. ஈஜிபுராவில் தம்பி குடும்பத்தோடு இருந்தாள். கல்யாணப் பேச்சை வீட்டில் எல்லோரும் எப்போதோ மறந்துவிட்டார்கள்.

"உங்ககூட ஆடவே பயமா இருக்கு மிஸ். இருக்கிறதை எல்லாம் தூக்கிக் குடுத்துட்டுச் சிரிக்கிறீங்க" என்றார் ஒருநாள்.

"லஞ்ச் அரை மணி நேரம்தானே சார். மெதுவா ஆடினா எப்ப முடிக்கிறது?"

தொண்ணூற்று மூன்றில் பெர்த்திலிருந்த அக்கா கூப்பிட்டார் என்று அவர் ஆஸ்திரேலியா போய்விட்டார். போகும்போது விலாசம் தந்து, தபாலில் ஆடலாமா என்று கேட்டார். ஒரு கார்டுக்கு ஒரு நகர்த்தல். கார்டு போய், பதில் வர ஒரு மாதம் பிடிக்கும். நகர்த்தலுக்குக் கீழே ஓரிரு வரி எழுதுவார்: இங்கே குளிர், மீன் விலை அதிகம், உங்கள் கேன்டீன் புளியோதரை நினைவு வந்தது. அந்த இரண்டு வரியை அவள் ஃபேக்டரியில் தன் சால்டரிங் மேஜையில் உட்கார்ந்து மாதம் முழுக்கப் படிப்பாள்.

பழக்கதோஷம், தபாலிலும் அதே கேம்பிட்டைத்தான் ஆடினாள். பதினேழாவது நகர்த்தலில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தாள். ராணியை நகர்த்தினால் அடுத்ததில் மேட். அவர் தப்ப வழியே இல்லை. மேட் ஆனால் ஆட்டம் முடியும், கார்டும் நிற்கும்.

பாழாய்ப்போன கேம்பிட், இவ்வளவு சீக்கிரமா முடிய வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, கார்டைத் தபாலில் சேர்த்தாள். அவர் தன் ராஜா பக்கத்தில் இருந்த ஓட்டையை அடைத்தார். இன்னொரு ஓட்டை தெரிந்தது; அதையும் பார்க்காத மாதிரி விட்டாள். இப்படி மூன்று தடவை. மூன்று மாதம் கிடைத்தது. அவளுக்கு அது போதவில்லை.

நான்காவது மாதம் வந்த கார்டில் நகர்த்தல் இல்லை. மூன்று மேட்டை நீங்கள் தவறவிட்டிருக்கவே முடியாது, அயல்நாட்டில் தனியாகக் கிடக்கிற கிழவன் என்று பரிதாபப்பட்டிருக்கிறீர்கள், உங்கள் நல்ல மனசுக்கு நன்றி, ஆனால் இப்படி ஆட எனக்குக் கூச்சமாக இருக்கிறது, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன் என்று மரியாதையாக எழுதியிருந்தார்.

தமயந்திக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து ஆடிய மனுஷன், பலகையில் அவள் போட்ட திட்டத்தை எல்லாம் மோப்பம் பிடித்தவர், இதை மட்டும் பரிதாபம் என்று நினைத்துவிட்டாரே.

ஒரு வாரம் கழித்து, மடித்து ஒட்டி அனுப்புகிற ஏர்லெட்டர் ஒன்று வாங்கினாள். கார்டில் எழுதினால் தபால்காரர் படிப்பார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நான் பரிதாபப்படவில்லை சார், ஜெயித்துவிட்டால் உங்கள் கார்டு வராதே என்றுதான் செய்தேன் என்று எழுதி, அடித்து, அதையே மறுபடி எழுதினாள். படித்துப் பார்த்தால் கிழித்துவிடுவோம் என்று தெரியும். படிக்காமலே ஒட்டி, கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, தபாலாபீசுக்கு நடந்தாள்.

பெட்டிக்குள் போட்டுவிட்டு, பதில் வர ஒரு மாதம் என்று கணக்குப் போட்டபடி அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.