குதிரைக்குச் சொல்லும் சொல்

மகளுக்கு மூன்றரை வயதாகியும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, பொறுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். பொறுப்பது எனக்குச் சரிவராத வேலை. அவளிடம் யார் என்ன கேட்டாலும் நானே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவேன். இவள் பேசாமலே போய்விடுவாளோ என்ற பயம் வேலைக்கு நடுவிலும் வரும்.

வின்டர்தூர் நகருக்கு வெளியே, பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிப் பேசப் பழக்கும் ஓரிடத்துக்கு நானும் மனைவியும் அவளைக் கூட்டிப் போனோம். நடத்துபவர் ஸ்பெயின்காரப் பெண். குதிரையும் அங்கிருந்து வந்ததுதான்; இந்த ஊர் ஜெர்மன் அதன் காதில் ஏறாது. ‘அர்ரே’ என்றால் நடக்கும், ‘ஸோ’ என்றால் நிற்கும். இரண்டையும் மகளுக்குச் சொல்லிக்காட்டிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“இனி யாரும் பேசக்கூடாது. அவள் சொன்னால்தான் குதிரை போகும்.”

மகள் பிடரிமயிரைப் பற்றியபடி உட்கார்ந்திருந்தாள். குதிரை அசையவில்லை. எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? “அர்ரே!” என்று கத்திவிட்டேன். குதிரை நடந்தது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

“உங்களுக்குக் கொஞ்சநேரம் வாயை மூடிக்கொண்டு நிற்கேலாதோ?” என்றாள் மனைவி.

“ஏலாதப்பா. பயமாக் கிடக்கு.”

“எனக்கு மட்டும் பயமில்லையோ?”

அவளுக்கும் பயம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வேலியோரம் நின்றேன். குதிரை வாலை ஆட்டியது, சாணி போட்டது. மகள் குனிந்து அதன் காதையே பார்த்தாள். பிறகு, சின்னக் குரலில், “அரே.”

குதிரை கிளம்பியது. ஐயோ, விழுந்துவிடுவாளே! ‘ஸோ’ என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். பக்கத்தில் மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் ரயிலில் மகள் அதை மறுபடி சொல்லவில்லை. ஏதோ தற்செயலாக வந்த சத்தம்தானோ என்று மறுபடியும் பயம் பிடித்தது.

வீட்டில், சோபாவுக்கு அடியில் போன அவளுடைய பந்தை எடுக்க முழங்காலிட்டுக் குனிந்தேன். முதுகில் ஏறிக்கொண்டாள்.

“அரே!”

நான் அசையவில்லை.

“போங்கோவன், பிள்ளை சொல்லுறாளெல்லே!” என்றாள் மனைவி.

இன்னொரு தரம் கேட்க வேண்டும்போல இருந்தது. அப்படியே நின்றேன். விலாவில் குதிக்காலால் ஓர் உதை விழுந்தது.

“அரே!”