அழகிக்குத் துண்டு போட்டவர்கள்

திருத்துறைப்பூண்டி பக்கம் எந்தக் கட்சித் தலைவர் வந்தாலும் என் நாற்காலியில்தான் உட்கார வேண்டும். சீட்டுக் கேட்டுச் சென்னைக்கு அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சீட்டெல்லாம் என் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறது. பந்தல், நாற்காலி, சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறவன் நான். எங்கப்பா காலத்தில் பெரிய வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்தாய் என்று கேள்வி வரும். அதனால்தானோ என்னவோ, நான் நாற்காலியையே தொழிலாக வைத்துக்கொண்டேன்.

படிப்பு கிடையாது. எங்கள் பள்ளிக்கூடத்து பெஞ்சும் ஆடும், நானும் ஆடுவேன். இரண்டில் ஒன்றை வெளியே அனுப்ப வேண்டும் என்று வாத்தியார் முடிவு செய்தார். பெஞ்சு இன்னும் அங்கே இருக்கிறதாம்.

அழகைப் பற்றிப் பேசவும் எனக்குத் தகுதி கிடையாது. ஒரு தேர்தலில் என் வாக்காளர் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, சாவடியில் இருந்த எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் பேதமில்லாமல் சிரித்தார்கள். அன்றைக்கு அந்தச் சாவடியில் நிலவிய ஒற்றுமைக்கு நான்தான் காரணம். அப்படிப்பட்டவனுடைய அக்கா மகள்தான் தேசிய அழகிப் போட்டிக்குப் போனாள்.

உயரம் அவளுக்கு அவள் அப்பா வழியில் வந்தது. வாய் எங்கள் வழியில் வந்தது. அப்பா அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அக்கா நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போய் அவளை நர்ஸ் படிக்க வைத்தாள். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. இப்போது அக்கா பேரிலேயே கொஞ்சம் நிலமும் பட்டாவும் இருக்கிறது. பழக்கத்தில் இன்னமும் அடுத்தவர் வயலுக்கும் நடவுக்குப் போகிறாள், அவர்கள் இவள் வயலுக்கு வருகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வீட்டுக்கு வந்து, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"மாமா, அழகிப் போட்டிக்குப் பேரு குடுத்துருக்கேன்."

"எங்க, கோயில் திருவிழாவுலயா?"

"இல்ல மாமா. நேஷனல்."

"நேஷனல்னா லாரி பர்மிட்டுல்ல?"

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது. கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்த அக்கா தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"துணிமணி ஒழுங்கா இருக்குமா?"

"இருக்கும்மா."

"அப்பப் போ."

போட்டியின் சரித்திரத்தை அவள் போனைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சொன்னாள். எனக்குப் புரிந்த அளவில் அது இப்படி. ஆரம்பத்தில் பெரிய ஓட்டல்களில், பெரிய வீட்டுப் பெண்கள் மட்டும் நடந்தார்களாம். பிறகு ஒரு காலத்தில், நீச்சல் உடையில் நடக்கக் கூடாது என்று கொடி பிடித்து வந்தார்களாம். அதுவரை ஒரே தெருவில் நிற்காத கட்சிகள் எல்லாம் அன்றைக்கு ஓட்டல் வாசலில் தோளோடு தோள் நின்றனவாம். உடை போனது, போட்டி மிஞ்சியது. அடுத்த காலத்தில், கொடி பிடித்த அதே கட்சிகள் பட்டம் வென்ற பெண்களைப் பிரசார வேனில் ஏற்றின. அழகி கையாட்டினால் ஓட்டு விழும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகுதான் இப்போதைய விதி வந்ததாம். போட்டியாளர் எந்தக் கட்சியிலும் இருக்கக் கூடாது, எந்தக் கட்சி மேடையிலும் நிற்கக் கூடாது.

"நல்ல விதிதான், நமக்கு எந்தக் கட்சி இருக்கு" என்றேன். எனக்கு வாயில் சனி.

முதல் வருடம் திருச்சியில் தேர்வு என்றார்கள். தேர்தல் அறிவித்தார்கள், மண்டபம் போனது, போட்டியும் போனது. இரண்டாம் வருடம் பெங்களூரில். காவிரிப் பிரச்சினை கிளம்பி, ஓசூருக்கு அப்பால் தமிழ்நாட்டு பஸ் போகவில்லை. ராத்திரி முழுக்க எல்லையில் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். "நம்ம தண்ணியும் அங்கதான் நிக்குது, நம்ம பொண்ணும் அங்கதான் நின்னுச்சு" என்று நான் சொன்னதற்கு ஊரே சிரித்தது. அவள் மட்டும் பையைப் பிரிக்காமல் அப்படியே அலமாரிக்கு மேலே வைத்தாள். அதைப் பார்த்த பிறகு அந்த ஜோக்கை நான் எங்கும் சொல்லவில்லை.

மூன்றாம் வருடம்தான் வயது வரம்பில் அவளுக்குக் கடைசி. விட்டால் பிறகு கிடையாது.

அந்த வருடம் லீவு நாளில் எல்லாம் என் கொட்டகையில் நடந்து பழகினாள். மாப்பிள்ளை அழைப்புக்கு விரிக்கிற சிவப்புக் கம்பளத்தை நீளமாக விரித்துக் கொடுத்தேன். வரப்பில் நடந்த பிள்ளைக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதுதான் சங்கடமே. வரப்பில் நடக்கிற யாரும் முன்னால் பார்த்து நடக்க மாட்டோம். நண்டு வளை இருக்கும், உடைப்பு இருக்கும், பாம்பும் இருக்கும். கால் தரையில் பட்டால் கண்ணும் தரைக்குப் போய்விடும். அவளும் எவ்வளவு அழகாக நடந்தாலும் கம்பளத்தையே பார்த்து நடந்தாள். நான் எதிர் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். பார்த்தால் சிரிப்பு வருகிற முகம், பார்க்காமல் இருக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கண் மேலே வந்தது. என் மூஞ்சி ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

சென்னையில் தேர்வானாள். தமிழ்நாட்டின் சார்பில் வடக்கே நடக்கும் இறுதிப் போட்டிக்குப் போகிறாள் என்று செய்தி வந்ததும் ஊரில் வெடி போட்டார்கள். மறுநாள் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். பழம், பூ, கட்சிக் கரை போட்ட ஒரு துண்டு. பெரியவர் வீட்டுக்கு வந்து தோளில் துண்டு போட்டால் குனிந்துதானே வாங்குவார்கள். அவளும் குனிந்தாள். படம் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் கடைத்தெருவில் பிளக்ஸ் எழுந்தது. பஸ்ஸில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போல, அவர் என் அக்கா மகளை அவருடைய கட்சிக்கு இடம் பிடித்துவிட்டார்.

போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து போன் வந்தது. தெற்குப் பகுதிப் பெண்களைக் கவனிக்கிற சென்னை மேடம் ஒருவர் பேசினார். "நீங்க கட்சியில இருக்கீங்கன்னு போட்டோ வந்திருக்கு. இருந்தா உங்களைச் சேத்துக்க முடியாது." இரண்டு நாளில் முடிவு சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவள் அழவில்லை. அலமாரியைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பை ஞாபகம் வந்தது. ஆபத்து என்றால் எனக்கு யோசனை வரும், அது எப்போதும் நல்லதாக வந்ததில்லை.

"ஒரு கட்சி துண்டு போட்டாத்தானே அந்தக் கட்சி ஆளு?" என்றேன். "எல்லாக் கட்சியும் போட்டா?"

"போட்டா?"

"பொது ஆளு. கல்யாணப் பத்திரிகையில எல்லாக் கட்சித் தலைவர் பேரும் போடுறான்ல? அவன எந்தக் கட்சின்னு யாராவது கேக்குறாங்களா?"

"மாமா, இது வேலைக்காவுமா?"

"ஊருல எல்லாம் இப்படித்தாம்மா பண்றோம்."

உண்மையிலேயே எங்கள் ஊரில் எல்லாம் அப்படித்தான் பண்ணுகிறோம். கோயில் குடமுழுக்கு என்றால் எல்லாக் கட்சிக்கும் ஒரு மாலை. எங்களுக்கு நடுநிலை என்றால் அதுதான். யாரையும் கூப்பிடாமல் இருப்பதும் நடுநிலை என்று எனக்கு அப்போது தெரியாது.

நாற்காலி கொடுத்த பழக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டேன். எல்லோரும் வந்தார்கள். "அவரு சின்னத் துண்டு போட்டாரா? நம்மளுது சால்வை" என்று ஒருத்தர். "எங்க துண்டு மேலாப்புல தெரியணும், அடியில போனா தலைமை என்னைக் கேக்கும்" என்று இன்னொருத்தர். புரட்டாசி வெயிலில் அந்தப் பெண் துண்டுக்கு மேல் துண்டாகச் சுமந்து, கழுத்துக்கு மேலே மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தாள். அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா, பொண்ணுக்குச் சளி புடிச்சுருக்கா?"

படத்தைச் சென்னைக்கு அனுப்பினோம். மறுநாள் காலையிலேயே மேடம் வீடியோவில் கூப்பிட்டார். வீட்டுக்குள்ளே டவர் எடுக்காது. அவள் வாய்க்கால் கரைக்கு ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். அங்கே எங்கள் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது? இப்ப எல்லாக் கட்சியும் இருக்கு. எலெக்ஷன்ல பொது வேட்பாளரா நிக்கிறீங்களா?"

"இல்ல மேடம், எங்க மாமா..."

நான் தலையை நீட்டி வணக்கம் சொன்னேன். மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை மறைக்க இருமினார். பிறகு கேட்டார். "சரி, பின்னாடி நிக்கிறவங்க யாரு? அவங்களும் கட்சித் துண்டுதானே கட்டியிருக்காங்க?"

திரும்பிப் பார்த்தேன். நடவுப் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். ஆளுக்கொரு துண்டு தலையில். அதில் நேற்றுப் போட்ட துண்டுகளும் இருந்தன. அக்கா காலையிலேயே எடுத்துப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாள். ஒருத்தி தலையில் ஆளுங்கட்சி, பக்கத்தில் இருந்தவள் தலையில் எதிர்க்கட்சி, அக்கா தலையில் எப்போதோ கலைந்துபோன ஒரு கட்சி, சாயம் வெளுத்து.

"அந்த ஓரத்துல இருக்கறது எங்கம்மா மேடம்."

"உங்கம்மா எந்தக் கட்சி?"

அவள் போனை முகத்துக்கு நேரே பிடித்தபடியே கத்தினாள். "அம்மா, நீ எந்தக் கட்சின்னு கேக்குறாங்க."

அக்கா நிமிரவில்லை. "நாத்து காயுது, இப்ப வந்து கட்சி கேக்குறா. அந்தக் கட்ட எடுத்துப் போடுடி இப்படி."

பக்கத்திலிருந்தவள் சொன்னாள், "வெயில் கட்சின்னு சொல்லுடி."

வரிசை முழுக்கச் சிரித்தது. என் அக்கா மகள் போனை ஒரு கையில் பிடித்தபடியே சேற்றில் இறங்கி, நாற்றுக் கட்டை எடுத்து அம்மா பக்கம் வீசினாள். மறுபடி போனைப் பார்த்து, "சாரி மேடம், சொல்லுங்க" என்றாள். மூச்சு வாங்கியது. கன்னத்தில் சேறு.

மேடம் அந்தச் சேற்றைப் பார்த்தார். பிறகு குரல் வேறு மாதிரி இருந்தது.

"எங்க அம்மாச்சியும் பாபநாசம் பக்கம் நடவு நட்டவங்கதான்மா. சரி. பிளக்ஸ் எல்லாம் நாளைக்குள்ள எறங்கணும். போட்டி முடியறவரைக்கும் யாரு துண்டு கொண்டுவந்தாலும் வாங்கக் கூடாது. உங்க மாமாவ கொஞ்சம் கட்டிப் போடுங்க."

பிளக்ஸை இறக்கப் போனேன். பின்னால் பிளக்ஸ் வைத்த மற்றக் கட்சிக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். முதலில் துண்டு போட்ட ஒன்றியச் செயலாளர் மட்டும் மறுத்தார்.

"தலைமைக்குப் படம் அனுப்பிட்டேன்யா. எறக்குனா என் மானம் என்னாவறது?"

"அண்ணே, வர்ற வாரம் உங்க பொதுக்கூட்டம். நாற்காலி வருமா வராதான்னு எனக்கே தெரியல. எல்லாரும் நின்னுக்கிட்டே கேப்பாங்க. நீங்களும் நின்னுக்கிட்டே தலைமை தாங்கலாம்."

என்னைக் கொஞ்ச நேரம் முறைத்தார். "அந்தப் புள்ளைக்கு இது கடைசி வருஷமா?"

"ஆமாண்ணே. இதோட சரி."

"அத மொதல்ல சொல்றதுக்கு என்னய்யா? நாற்காலியத் தூக்கிக்கிட்டு வந்துட்டான்." ஏணியை அவரே எடுத்து வரச் சொன்னார். கயிற்றை அறுக்காமல் அவிழ்த்து, மடித்து, அவள் முகம் மடிப்பில் விழாமல் சுருட்டினார். "ஜெயிச்சு வந்தா மொதத் துண்டு என்னுது. சொல்லிட்டேன்" என்றார்.

அவள் போனாள். அலமாரிக்கு மேலிருந்த பையை எடுத்துக்கொண்டுதான் போனாள்.

இறுதிப் போட்டி நாளன்று சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் ஊரே கூடியது. டிவியில் போனை இணைத்துக் காட்ட எனக்குத் தெரியாது. ஆகையால் போனையே, வாசலில் டவர் எடுத்த ஒரே மூலையில், ஸ்டூலில் சாய்த்து வைத்தோம். துண்டு போட்ட எல்லாக் கட்சிக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு நாற்காலிக்கு வாடகை வாங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன், என் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை.

யார் யாரோ நடந்தார்கள். எல்லோருமே எனக்கு அழகாகத்தான் தெரிந்தார்கள், நான் எதை வைத்துக் குறை சொல்வது. பிறகு தமிழ்நாடு என்றார்கள். திருத்துறைப்பூண்டியை, பேர் அறிவித்த வடநாட்டுக்காரர் பாதியில் உடைத்ததில், பூண்டி மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. அவள் வந்தாள். நீல நிறத்தில் நீளமான உடை. முன்னால் வந்து நின்றாள், ஒரு பக்கம் திரும்பினாள், சிரித்தாள், போனாள். தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இல்லை.

வாசலில் சத்தம் அடங்கவே நேரமானது. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சுதுக்கா."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா அந்தப் புள்ள ராவெல்லாம் ஓசூருல கெடந்துச்சு?"

 எனக்கு ஜோக் வரவில்லை. அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நாற்காலி கொடுத்தேன், வேண்டாம் என்றாள்.

"இன்னொரு தடவ போடு."

கட்டை விரலால் பின்னால் தள்ளினேன். அவள் மறுபடி வந்தாள், நின்றாள், திரும்பினாள், சிரித்தாள், போனாள்.

"இன்னொரு தடவ."

பின்னால் உட்கார்ந்திருந்த ஒன்றியச் செயலாளர் பொறுமை இழந்தார். "தங்கச்சி, அங்க நேரலை ஓடிக்கிட்டு இருக்கும்மா. ரிசல்ட்டு வந்துடும். முன்னால வுடச் சொல்லு."

"ரிசல்ட்டு எங்கண்ணே போயிடப் போவுது" என்றாள் அக்கா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ தள்ளுடா."

தள்ளினேன். அந்த வருடம் யார் ஜெயித்தார்கள் என்று எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.