வாழை நாரில் கட்டிய பல்பு: பெரம்பலூர் வழியாக ஓர் அரியலூர்ப் பயணம்

அரியலூர் பக்கத்துப் பால் குளிரூட்டும் கொட்டகையில் கம்பிரஸரை உடைத்தது நான் இல்லை. நான்தான் உடைத்தேன் என்று சொன்னார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தப் பேச்சை யாரும் திரும்ப வாங்கவில்லை. போன மாதம் திருச்சியில் நடந்த மெக்கானிக்குகள் கூட்டத்தில் ஒருவர் என்னை, “சாமி கும்பிட்டதால மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொன்னவரு இவருதான்” என்று அறிமுகப்படுத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அதனால் அந்தப் பயணத்தை இங்கே எழுதிவைக்கிறேன். அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கும் உதவும்.

1982, ஐப்பசி. பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அப்போது திருச்சி ஜில்லா. ஆடி மாதம் நான் அந்தக் கொட்டகையில் ஒரு எக்ஸ்பான்ஷன் வால்வு மாட்டிவிட்டு வந்திருந்தேன். ஆயுத பூஜை முடிந்து இரண்டாவது வாரம், என் தெருமுனை மருந்துக் கடைக்கு டிரங்க் கால் வந்தது. கம்பிரஸர் உடைந்துவிட்டது, புதுசு மெட்ராஸிலிருந்து லாரியில் பெரம்பலூருக்கு வந்து இறங்கும், எடுத்துக்கொண்டு உடனே வா என்றார் கொட்டகை முதலாளி. வால்வை அளவுக்கு மேல் திறந்து வைத்தால் இப்படித்தான் உடையும் என்று யாரோ ஒரு இன்ஜினியர் போனில் அவருக்குச் சொல்லியிருந்தார். அது பொதுவாகச் சரிதான். என் வால்வு அப்படித் திறந்திருக்கவில்லை.

காலை ஐந்தரைக்குத் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். டிக்கெட் நாலே முக்கால் ரூபாய். அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஏழேகாலுக்குப் பெரம்பலூர். லாரி ஆபீஸில் கம்பிரஸர் சாக்குச் சுற்றிக் கிடந்தது. தனி ஆளாய்த் தூக்க முடியாத எடை. அரியலூருக்கு சிமெண்ட் ஏற்றக் காலியாகப் போன லாரி ஒன்று இருபது ரூபாய்க்கு ஒத்துக்கொண்டது.

பேரளி தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. “என்னண்ணே, எழவு வூட்டுக்கா போறீங்க?” என்று கேட்டார் டிரைவர். வேலைக்கு என்றேன். “எனக்கும் இது வேலதான். நான் பேசலயா?” என்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரியலூரைத் தாண்டி திருமானூர் ரோட்டில், கொட்டகை வாசலிலேயே இறக்கிவிட்டார். சுண்ணாம்புக்கல் தூசியில் என் சட்டை வெளுத்திருந்தது.

வால்வைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். பால் தொட்டியைச் சுற்றியுள்ள குழாய்க்குள் எவ்வளவு குளிரூட்டும் திரவம் போகலாம் என்று தீர்மானிப்பது இந்த வால்வு. தொட்டியிலிருந்து வெளியே வரும் குழாயின் மேல் விரல் நீளச் செம்பு உருளை ஒன்றைக் கட்டுவோம். பல்பு என்று பெயர். விளக்கு இல்லை. குழாய் சூடானால் பல்பு வால்வைத் திறக்கச் சொல்லும், குளிர்ந்தால் மூடச் சொல்லும். பல்பு குழாயை விட்டு விலகித் தொங்கினால் அறையின் வெக்கையைக் குழாயின் சூடு என்று எடுத்துக்கொள்ளும். வால்வு திறந்தே கிடக்கும். ஆவி மட்டும் போகவேண்டிய கம்பிரஸருக்குத் திரவமே போய் உள்ளே இருக்கும் தட்டுகளை உடைக்கும்.

நான் போனபோது பல்பு தொங்கிக்கொண்டிருந்தது. ஆடியில் நான் போட்ட செம்புப் பட்டை இல்லை, மேலே சுற்றிய துணியும் இல்லை. காய்ந்த வாழை நார் ஒன்று தொளதொளவென்று கிடந்தது. அதில் வாடிய செவ்வந்தி, பல்பின் மேல் சந்தனம், குங்குமம்.

கொட்டகையில் வேலை பார்த்த தங்கராசுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னார். “பூஜைக்கு எல்லாத்தயும் கழட்டித் தேச்சேண்ணே. அந்தப் பட்ட கறுத்துப்போயி அசிங்கமா கெடந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன். பொட்டு வச்சு, பச்ச நாருல இறுக்கித்தான் கட்டுனேன்.” பொய் இல்லை. பச்சை நார் இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். காயக் காயத் தளர்ந்திருக்கிறது. பூஜை அன்றே கம்பிரஸர் உடையாமல் பிறகு உடைந்ததற்கு அதுதான் காரணம்.

முதலாளியிடம் காட்டினேன். பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அப்ப நான் சாமி கும்பிட்டதுனாலதான் மெஷினு கெட்டுச்சுங்கிற?”

“கும்பிட்டதுனால இல்லீங்க. கழட்டுனதுனால.”

“ரெண்டும் ஒன்னுதாம்ப்பா. கழட்டாம எப்படித் தொடைக்கிறது?”

கொஞ்ச நேரம் கழித்து அவரே இறங்கிவந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வேப்பந்தட்டை, பூலாம்பாடிப் பக்கமும் இதுபோல் கொட்டகை போடப்போகிறார்களாம், எல்லாவற்றுக்கும் என்னையே சொல்வாராம். “கை தவறிப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன். யாரு கேக்கப்போறா?” என்றார்.

நான் கேட்டுக்கொண்டிருப்பேன் அல்லவா. சொல்லமாட்டேன் என்றேன். எனக்கு இந்த வேலையை யாரும் கற்றுத்தரவில்லை. பழைய மெஷின்களைப் பிரித்துப் பிரித்து நானாகக் கற்றது. என் கையைப் பற்றி நானே பொய் சொன்னால் பிறகு எதை வைத்துப் பிழைப்பது? முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார்.

நாலு பேரைப் பிடித்துக் கம்பிரஸரை மேடையில் ஏற்றினேன். அதோடு அவர்களும் போனார்கள், தங்கராசு கேன் கழுவப் போனார். பல்பைத் துடைத்து, இரண்டு செம்புப் பட்டை போட்டுக் குழாயோடு முறுக்கி, மேலே கம்பளித் துணி சுற்றினேன். கேஸ் ஏற்றி ஓடவிட்டேன். வால்வின் மூடியைத் திறக்கவே இல்லை. ஆடியில் மூடிக்குள் இருக்கும் திருகை ஒவ்வொரு கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் இருபது நிமிஷம் காத்திருந்து வைத்த அளவு அது. அதை அப்படியே விட்டேன்.

பிறகு உட்கார்ந்திருந்தேன். இந்தத் தொழிலில் பாதி நேரம் இதுதான். மெஷின் ஓடும், நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ரோட்டில் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகும் பஸ்கள் பாட்டோடு கடந்தன. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து தர யாருக்கும் தோன்றவில்லை. கேட்கவும் எனக்குப் பிடிக்கவில்லை. குழாயில் பனி வால்விலிருந்து மெல்ல நகர்ந்து, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. வால்வின் அளவு சரி என்பதற்கு அதுதான் சாட்சி. அதைக் கூப்பிட்டுக் காட்ட ஆள் இல்லை.

நாலு மணிக்கு முதலாளி வந்தார். தொட்டியைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இப்பச் சரியா வச்சுட்ட பாத்தியா. அப்ப முன்னாடி தப்பாத்தான வச்சிருந்த?”

வால்வைத் தொடவே இல்லை என்றேன். “தொடாம எப்படிப்பா சரியாச்சு?” என்று கேட்டுவிட்டுத் தங்கராசுவைப் பார்த்தார். அவர், “நான் கேன் கழுவப் போயிட்டேங்க” என்றார். அதுவும் உண்மைதான்.

திரும்பும்போது ஏலாக்குறிச்சியிலிருந்து வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே அரியலூர் வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா எதற்கு வேண்டிக்கொண்டேன் என்று கேட்டார். மெஷின் ரிப்பேருக்கு வந்தேன் என்றேன். “அதுக்கும் வேண்டிக்கலாங்க” என்றார். அன்றைக்கு என்னோடு அன்பாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். அதற்கப்புறம் பெரம்பலூர், அரியலூர் ரூட்டில் எனக்கு ஒரு வேலை வரவில்லை. பூஜையைக் குற்றம் சொன்ன ஆள் என்ற பெயர் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

இப்போது போகிறவர்கள் பெரம்பலூர் சுற்ற வேண்டாம். திருச்சியிலிருந்து அரியலூருக்கு நேராக ரயில் இருக்கிறது. கொட்டகையை இப்போது நடத்தும் முதலாளியின் மகன், அந்த வால்வு சரியாகத்தான் இருந்தது என்று நாலு பேர் கேட்கச் சொல்லவேண்டும். தங்கராசு எங்கேயாவது இருந்தால், என்னிடம் சொன்னதை அந்த மகனிடமும் சொல்லவேண்டும். அன்று கூட்டத்தில் சிரித்தவர்கள் இதை ஒருமுறை முழுதாகப் படிக்கவேண்டும். பூஜை போடுகிறவர்கள் பொட்டைக் கம்பிரஸர் உடம்பில் வைக்கவேண்டும், பல்பைக் கழற்றக் கூடாது. வேலைக்குத் தனியாகப் போகிற மெக்கானிக், மெஷினை ஓடவிடும் முன் அந்த இடத்து ஆள் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைக்கவேண்டும். அவருக்கு டீ வாங்கித் தரவேண்டும். பேசப் பிடிக்காவிட்டாலும் பேசவேண்டும். வேலை முடியும்வரை அவரை எழுந்துபோக விடக் கூடாது.