ஏழாம் வளைவில் எழும்பாத குரல்

காய்ந்த சுள்ளியை மிதித்தது போல ஒரு சத்தம் என் உடம்புக்குள்ளிருந்து கேட்டது. யாராவது விறகு ஒடிக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். அப்படியொரு முட்டாள் நான்.

குரங்கணிக்கு மேலே, மலைப்பாதையில், சரிந்துபோன அரிசிப் பொதியை மாட்டின் முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மாடு மிரண்டு திரும்பியது. பொதி என்னைப் பாறையோடு வைத்து அழுத்தியது. இடப்பக்கம், மார்புக்குக் கீழே நான்கு விரல் தள்ளி. மாடு விலகிய பிறகும் நின்றுகொண்டுதான் இருந்தேன். மூச்சைத்தான் காணோம்.

விலா முறிந்து வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கை முறிந்தால் தூளி கட்டித் தொங்கவிடலாம். கால் முறிந்தால் நீட்டிப் படுக்கலாம். விலாவுக்கு ஓய்வே கிடையாது, மூச்சு விடுகிற ஒவ்வொரு தடவையும் அது அசைந்தாக வேண்டும். செய்யக்கூடாததை எல்லாம் நான் முதலில் செய்தேன். ஆகவே அதையே முதலில் சொல்கிறேன்.

போடிநாயக்கனூரில் எங்கள் குடும்பத்துக்குப் பொதிமாடு ஓட்டுவதுதான் தொழில். மேலே போகும்போது அரிசியும் உப்பும், கீழே வரும்போது ஏலக்காய். மாடுகள் ஒன்பது. முன்னால் நான், கடைசியில் காசிம். காசிம் என் மனைவி மைமூனின் தம்பி.

மலைப்பாதை பல இடங்களில் ஒரு மாடு நடக்கிற அகலம்தான். அதனால் வளைவுக்கு முன்னால், ஒதுங்க இடம் இருக்கும்போதே, முதல் ஆள் அடிவயிற்றிலிருந்து குரல் கொடுப்பான். எதிரே யாராவது இருந்தால் பதில் குரல் வரும். யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்பார்கள். மாட்டின் கழுத்துமணியை நம்ப முடியாது, ஓடைச் சத்தம் அதை விழுங்கிவிடும்.

என் குரல் மூன்று வளைவு தாண்டிக் கேட்கும் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சநஞ்சக் கர்வமா! குரல் போனவன் பின்னால் நடக்க வேண்டும், முன்கயிறு இன்னொருவன் கைக்குப் போய்விடும். பின்னால் நடக்க எனக்கு மனமில்லை. வலியை மறைத்ததற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

தலைப்பாகையை அவிழ்த்து மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டேன். இறுக்க இறுக்க வலி அடங்கியது. அந்தப் பயணத்தின் மீதியில் வேறு கூட்டத்தோடு சேர்ந்து நடந்ததால் குரல் கொடுக்க வேண்டி வரவில்லை. நல்ல வைத்தியம் என்று நினைத்து எட்டு நாள் அப்படியே திரிந்தேன். வீட்டில் தொழும்போதுதான் மாட்டிக்கொண்டேன். சஜ்தாவுக்கு (நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவது) குனிய முடியவில்லை.

"என்ன, உக்காந்தே தொழுகுறீங்க?" என்று கேட்டாள் மைமூன்.

"முழங்கால் பிடிச்சிருக்கு."

"முழங்கால் வலிக்கு யாரு இப்படி மூச்ச எண்ணி எண்ணி விடுறா?"

எழுந்தேன். கண்ணில் நீர் முட்டியது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் மறுபடி மலைக்குக் கிளம்பினோம். ஏறும்போது எங்களுக்கு முன்னால் வேறு மாடுகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றை ஓட்டியவர்கள் கொடுத்த குரலிலேயே நான் பிழைத்துக்கொண்டேன். மறுநாள் இறங்கும்போது முன்னால் யாரும் இல்லை. முதல் ஆறு வளைவுகள் திறந்தவெளி, எதிரே வருவது கண்ணுக்கே தெரியும். ஏழாம் வளைவில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம்.

அங்கே நின்று மூச்சை இழுத்தேன். பாதி இழுப்பதற்குள் விலாவில் கத்தி இறங்கியது. தொண்டையிலிருந்து சீக்கு வந்த ஆட்டுக்குட்டி கத்துவது போல ஏதோ வந்தது. எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை முயன்றேன். கண் இருண்டது. இந்நேரத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து காசிம் கேட்டான்: "மச்சான், குரல் குடுத்தாச்சா? தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல!"

கையைத் தூக்கிக் காட்டினேன், கொடுத்தாயிற்று என்று. வாயால் சொல்லவில்லை, ஆகவே பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

வளைவுக்குள் எங்கள் மாடுகள் முழுவதும் நுழைந்த பிறகு எதிரே மாடுகள் வந்தன. முன்மாடுகள் இரண்டும் கொம்பு கோத்தன. எங்கள் மாடு பின்வாங்கியது. அடுத்தது பின்வாங்கியது. ஒன்றை ஒன்று நெருக்கி, கடைசியில் நின்ற செவலையின் பின்னங்கால் விளிம்பைத் தாண்டிவிட்டது. அதன் கயிறு காசிமின் கையில். செவலையைக் கன்றிலிருந்து வளர்த்தவன் அவன். விடமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

கயிற்றை விடுடா என்று கத்த வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. காசிம் இழுபட்டு விளிம்புக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றேன். என் வாழ்நாளில் அதைவிடக் கொடுமையான நேரம் எனக்கு வந்ததில்லை.

"கயித்த விடுப்பா! உசிரா மாடா, விடு!" என்று எதிரே வந்தவன்தான் கத்தினான்.

காசிம் விட்டான். செவலை ஏலக்காய்ப் பொதியோடு பள்ளத்தில் போனது. அவன் இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் இல்லை.

"குரல் குடுக்காம வர்றியே, வாய் என்ன செத்தா போச்சு?" என்று எதிராளி என்னைப் பார்த்துச் சீறினான். நான் தலையைக் குனிந்தேன்.

காசிம் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "குரல் குடுத்தாச்சுன்னு கையக் காட்டுனீங்களே மச்சான்."

சட்டையைத் தூக்கிக் காட்டினேன். பார்த்தான். பிறகு மாடுகளிடம் போய்விட்டான்.

அன்று மாலையே உடம்பு கொதித்தது. போடி ஆஸ்பத்திரி டாக்டர் என் கட்டைப் பார்த்து, "யார்யா இப்படிக் கட்டினது?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"பிணத்தைக்கூட இவ்வளவு இறுக்கிக் கட்டமாட்டாங்க."

தலைப்பாகையை வெட்டி எடுத்தார். ஸ்டெதாஸ்கோப்பை (நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழல்) வைத்து நெடுநேரம் கேட்டார். இரண்டு விலாக்கள் முறிந்திருக்கின்றன, அவை தாமாக ஒட்டிக்கொள்ளும், அதைப் பற்றித் தனக்குக் கவலை இல்லை என்றார். மூச்சை அடக்கி அடக்கி விட்டதில் நெஞ்சின் அடிப்பகுதியில் சளி கட்டி நிமோனியா (நுரையீரல் அழற்சிக் காய்ச்சல்) வந்துவிட்டது. "இருமி வெளியே எடு. எடுத்தா பிழைப்பே. இல்லைன்னா நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை" என்றார். முறிந்த பக்கத்துக்கு மட்டும் பிளாஸ்டர் (பசை தடவிய பட்டைத் துணி) ஒட்டினார். அவ்வளவுதான் வைத்தியம்.

இருமுவதாம்! விலா முறிந்தவனைக் கேளுங்கள், இருமல் என்றால் என்னவென்று. வரும்போதே உடம்பு நடுங்கும். தொண்டையில் வந்ததை விழுங்கி விழுங்கி இரண்டு நாள் ஓட்டினேன். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது.

அந்த இரண்டு நாளும் மைமூன் என்னோடு பேசவில்லை. கஞ்சி வைப்பாள், துணி மாற்றுவாள், போய்விடுவாள். எதிர்ச் சுவரோரம் காசிம், எண்ணெய்த் துணி சுற்றிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனால் சோற்றைத் தொட முடியாது. மைமூன் தன் தம்பிக்குப் பிசைந்து ஊட்டுவாள். நான் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

மூன்றாம் நாள் காலையில் என் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்துவிட்டு, ஒரு தலையணையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முறிந்த இடத்தில் அதை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"இருமுங்க."

"முடியல மைமூன்."

"முடியலன்னு மலையில சொல்லியிருக்கணும். இப்ப இருமுங்க. எனக்கு நீங்க வேணும், கேட்டுச்சா?" அவள் குரல் உடைந்தது. ஆனால் தலையணையை விடவில்லை.

இருமினேன். உயிரே போனது. துரு நிறத்தில் சளி வந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடி இருமினேன். அன்றைக்கு எத்தனை தடவை என்று தெரியாது. யா அல்லா, அந்த வலி! நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டது.

உங்களுக்குச் சொல்கிறேன், தலையணையைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். இருமல், தும்மல் எது வந்தாலும் வலிக்கிற இடத்தில் அணைத்துப் பிடியுங்கள். எழுந்திருக்கும்போது நல்ல பக்கமாகப் புரண்டு, காலை முதலில் இறக்கி, கையை ஊன்றி எழுந்திருங்கள். படுக்க முடியாவிட்டால் முதுகுக்கு மூட்டையை வைத்துச் சாய்ந்தே தூங்குங்கள். மிளகாய் வறுக்கிற வீட்டில் இருக்காதீர்கள். மைமூன் ஒரு மாதம் அடுப்பைக் கொல்லைக்குக் கொண்டுபோய்விட்டாள். வேடிக்கை பேசுகிற சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒருவர் என்னைச் சிரிக்க வைத்துவிட்டார், அன்று முழுக்க அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூச்சை அடக்காதீர்கள். இதுதான் முக்கியம். டாக்டர் அடிக்கடி ஆழமாக மூச்சு விடச் சொன்னார். கடிகாரம் இல்லாத வீட்டில் அடிக்கடி என்றால் எப்போது? மைமூன் அதைத் தொழுகையோடு முடிச்சுப் போட்டாள். ஐந்து வேளை, தொழுது முடித்ததும் பத்து மூச்சு. அவள் எதிரே உட்கார்ந்து எண்ணுவாள். ஏழாவது மூச்சில் ஏமாற்றினால் கண்டுபிடித்துவிடுவாள். காலை, மதியம் என்பதெல்லாம் எனக்குப் போய், மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே கிடப்பதே நாள் என்று ஆனது.

ஐந்தாம் வாரத்தில் ஒரு மாலைத் தொழுகையில் நெற்றி தரையைத் தொட்டது. வெகுநேரம் அப்படியே கிடந்தேன். பக்தி பாதி. எழும்போது வலிக்குமே என்ற பயம் மீதி.

எட்டாம் வாரம் மலைக்குப் போனோம். காசிமின் கை ஆறியிருந்தது. "நீங்களே முன்னால போங்க மச்சான்" என்றான். அவன் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. எட்டு மாடுகள். கடைசி மாட்டைப் பார்க்காமலே நடந்தேன்.

இறங்கும்போது ஏழாம் வளைவு வந்தது. ஒதுங்குமிடத்தில் நின்று மூச்சை இழுத்தேன். முக்கால்வாசி இறங்கியது. பிறகு விலாவில் ஒரு பிடி. குரல் கொடுத்தேன். வளைவைத் தாண்டியிருக்காது, எனக்கே தெரிந்தது.

"மச்சான், குரல் குடுத்தாச்சா?"

என் கை தானாக மேலே போகப் பார்த்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல மாப்ளே. எட்டல. என்னால முடியல. வெரசா வா, நீ குடு."

காசிம் மாடுகளை ஒட்டி முன்னால் வந்தான். என் பக்கத்தில் நின்று கூவினான். மெல்லிய குரல்தான், ஆனால் முழுதாகப் போனது. காத்திருந்தோம். என் கணக்கில் ஆறு மூச்சு. வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் குரல் வந்தது.

நாங்கள் ஒதுங்கி நின்றோம். எதிர்மாடுகள் ஒவ்வொன்றாக எங்களை உரசிக்கொண்டு ஏறிப்போயின. காசிம் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் விலா உயர்வதையும் தாழ்வதையும் கவனித்துக்கொண்டு நின்றேன். அதற்கு முன் என் உடம்புக்குள் இப்படி ஒன்று ஓயாமல் நடக்கிறது என்பதையே நான் அறிந்தவன் இல்லை.

கடைசி மாடு போனதும் முன்கயிற்றை அவனிடம் நீட்டினேன். வாங்கும்போது அவன் உள்ளங்கையின் தழும்பு என் விரலில் உரசியது. நடந்து, கடைசி மாட்டுக்குப் பின்னால் போய் நின்றேன்.